ரோஸ் சக்கரை

பெட்டி காலையிலேயே வந்து இறங்கியது.

டாட்டா ஏஸ் வண்டியிலிருந்து இரண்டு ஆட்கள் தெர்மாகோல் பலகைகளை இறக்கி, முன்னறைச் சுவரோரம் நிறுத்தி, ரோஸ் கலர் தாளைச் சுற்றி ஒட்டினார்கள். கடையில் பொம்மையை அடைத்து விற்கிற பெட்டி மாதிரியே இருந்தது. ஆள் உயரம். முன்பக்கம் மட்டும் திறப்பு. பிறந்த நாள் பிள்ளை உள்ளே நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்கு. மேலே வெள்ளை எழுத்தில் தமிழினி என்று வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

சத்யபிரியா கேசரி கிண்டிய கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள்.

“இதை யாருங்க கொண்டாரச் சொன்னது?”

“பெரியசாமியண்ணன் ஊட்டுலங்கக்கா. காலைலயே வெச்சுரோணும்னு சொன்னாங்க.”

பெட்டியின் அகலம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி நிற்க அவ்வளவு அகலம் எதற்கு?

அவள் நினைத்திருந்தது சின்ன விசேஷம். தறிப்பட்டறைக்கு ஒரு நாள் லீவு சொல்லியிருந்தாள். லைன் வீட்டுப் பெண்பிள்ளைகள் ஆளுக்கொரு பொம்மையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பொம்மைக்குத் துணி உடுத்துகிற போட்டி. பட்டறையில் வீணாகப் போகிற துண்டுத் துணிகளை அதற்கென்றே சேர்த்து வைத்திருந்தாள். கேக்கும் பொம்மைதான். நடுவில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைச் செருகி, இடுப்புக்குக் கீழே கேக்கையும் கிரீமையும் பாவாடை மாதிரி சுற்றி நிறுத்த வேண்டும். கேக்கை இட்லிக் குண்டாவில் வேகவைத்திருந்தாள். ஒரு பக்கம் லேசாகக் குழிந்திருந்தது.

“எதுக்குங்க இத்தாச்சோட்டுப் பொட்டி?” என்று புருசனிடம் கேட்டாள்.

“மச்சான் ஆசப்பட்டு அனுப்பிச்சிருக்கறாரு. உட்டுரு” என்றான் குழந்தைவேல். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

குழந்தைவேல் போர்வெல் ரிக்கு வண்டியில் டிரில்லர். சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று வருசமெல்லாம் போர் போட்டுக்கொண்டு திரிகிறவன். மழைக்காலத்தில் வண்டி திருச்செங்கோடு திரும்பினால்தான் அவனுக்கு வீடு. வண்டி பெரியசாமியுடையது. பெரியசாமி சத்யபிரியாவின் அண்ணன். போன வருசப் பிறந்த நாளுக்கு லுங்கியும் பனியனுமாக நின்று கேக் வெட்டிய குழந்தைவேல் இன்றைக்குக் காலையிலேயே சவரம் செய்துகொண்டு, கரை வேட்டியை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தான். அதையும் அவள் பார்த்தாள்.

ஆடிப் பதினெட்டுக்கு அண்ணன் வீட்டில் விருந்து. கறியைக் கடித்துக்கொண்டே பெரியசாமி சொன்னார்: “பிரியா, பாப்பாவ வெளில எங்கயும் பேசீராதீங்க. நம்ம கௌசிக்கு இருக்கறான்.”

“அவ அஞ்சாவது படிக்கறாண்ணா” என்று இவள் சிரித்தாள்.

“படிக்கட்டும். யாரு வேண்டாங்கறா?”

அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

ஊரில் பெண் கிடைப்பதில்லை. தோட்டமும் வண்டியும் மாடி வீடும் வைத்திருக்கிறவர்கள்கூட ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். நாற்பது வயதுப் பையன்கள் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறுகிறார்கள். இருக்கிற பெண்கள் படித்துவிட்டுக் கோயமுத்தூர், பெங்களூர் என்று போய்விடுகிறார்கள். பையனைப் பெற்றவர்கள் பாலக்காட்டுக்குப் போய்ப் பெண் கேட்டுவிட்டு வருகிறார்கள். அதனால் இப்போது சிலர் பெண் பிறந்த வீட்டின் மேல் முன்கூட்டியே கண் வைத்து விடுகிறார்கள். சத்யபிரியாவுக்கு இது புரியாமல் இல்லை.

கௌசிக்குக்கு இருபத்தொரு வயது. டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டு அப்பனின் வண்டியோடு போகிறவன். போன கோடையில் ராய்ப்பூர்ப் பக்கம் பைப் மாட்டத் தாமதம் என்று ஒரு ஒடிசாக்காரனை, பைப் முடுக்குகிற இரும்பு ரிஞ்சால் தோளில் அடித்துவிட்டான். அந்த ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது குழந்தைவேல்தான். வீட்டுக்கு வந்து அவனே சொன்னான், “பையனுக்குக் கை சும்மா இருக்கறதில்ல பிரியா. அடிச்சுப்போட்டு டீ குடிக்கறான்.”

சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள். ஒற்றைக் கால் பொம்மை, முடி கொட்டிப்போன பொம்மை, பொம்மையே இல்லாத ஒரு பிள்ளை துணியைச் சுருட்டி முகம் வரைந்து எடுத்து வந்தது. தமிழினி ரோஸ் கவுனில் குதித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பாவாயி தன் மகள் அறிவுச்செல்வியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பாவாயியும் அதே தறிப்பட்டறைதான். தறிச் சத்தத்தில் கத்திக் கத்தியே பழகி, வீட்டிலும் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள்.

“ஏ பிரியா, இது பொம்மப் பொட்டியா, பீரோவா? என்னையப் புடிச்சு உள்ள நிறுத்தி ஒரு போட்டோ எடு. என்ற ஊட்டுக்காரன் பாத்தா, திருப்பிக் கடையிலயே குடுத்துட்டு வரச் சொல்லுவான்.”

சத்யபிரியா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

அண்ணனின் கார் வந்து நின்றது. பெரியசாமி இறங்கினார். அவர் மனைவி ரஞ்சனி பட்டுச் சேலையில், கையில் துணி போட்டு மூடிய வெள்ளித் தட்டோடு இறங்கினாள். கௌசிக் பட்டுச் சட்டை போட்டிருந்தான். கடைசியாகப் பின் கதவைத் திறந்து ஒரு கிழவர் இறங்கி வேட்டியை உதறிக் கட்டினார். கண்ணுசாமி.

கண்ணுசாமி பங்காளி வகையில் பெரியவர். குழந்தைகள் கேக் வெட்டுகிற இடத்துக்கு வருகிற ஆள் இல்லை. இழவு வீட்டுக்குப் போவார். பெண் பேசி முடிக்கிற வீட்டுக்குப் போவார். இரண்டு இடத்திலும் அவர் சொல்வதுதான் கடைசிப் பேச்சு.

“வாங்க பெரியப்பா” என்றாள்.

“வந்தாச்சு சாமி” என்று நடு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் ஒரு பலூன் ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தடியால் ஒதுக்கிவிட்டார்.

ரஞ்சனி நேராகத் தமிழினியிடம் போனாள். தலையைத் தடவி, தோளைத் தடவி, கையைப் பிடித்துத் தன் வளையல் ஒன்றைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். வளையல் முழங்கை வரை ஏறியது.

“இன்னும் ரெண்டு மூணு வருசத்துல சரியா இருக்கும்” என்றாள். “ஒசந்துட்டா பாருங்க, போன மாசத்துக்கும் இப்பவுமே.”

“கழட்டுங்க நங்கை, புள்ள ஒடைச்சுப் போடுவா” என்றாள் சத்யபிரியா.

“தங்கம் ஒடையுமா? ஒடைச்சா அவ சொத்தை அவளே ஒடைச்சுக்கறா.” எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு போட்டோ. தமிழினி பெட்டிக்குள் போய்க் கையை விறைப்பாக நீட்டி, கண்ணைக் கொட்டாமல், பொம்மை மாதிரி நின்றாள். பிள்ளைகள் கை தட்டின. ரஞ்சனி செல்போனைத் தாழ்த்தினாள்.

“ஒத்தப் பொம்ம நல்லாவா இருக்குது? கௌசிக்கு, போடா, பாப்பா பக்கத்துல நில்லு. ஜோடிப் பொம்ம.”

கௌசிக் வெட்கப்படுகிற மாதிரி தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய் நின்றான். பெட்டி இருவருக்கும் அளவெடுத்தது போல இருந்தது. அவன் தமிழினியின் தோளில் கை போட்டான். பிள்ளை தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்துச் சிரித்தது. மாமன் மகன். மிட்டாய் வாங்கித் தருகிறவன். அதற்கு வேறென்ன தெரியும்?

“எல்லாப் புள்ளைங்களையும் நிக்க வைங்க நங்கை” என்றாள் சத்யபிரியா. குரல் உயர்ந்துவிட்டது. “வாங்கடி, அல்லாரும் உள்ள போங்க. அறிவு, நீ முன்னால நில்லு.”

பிள்ளைகள் திமுதிமுவென்று பெட்டிக்குள் ஏறின. ஒரு பக்கப் பலகை சாய்ந்தது. கௌசிக் வெளியே வந்துவிட்டான். ரஞ்சனி தட்டின் மேல் போட்டிருந்த துணியைச் சரிசெய்தாள்.

“கேக்க எடுத்துட்டு வா சாமி. நேரம் பாக்கோணுமல்ல?” என்றார் கண்ணுசாமி.

கேக் வெட்ட என்ன நேரம் பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. சத்யபிரியா குழந்தைவேலைப் பார்த்தாள். அவன் பலூன் ஒன்றின் கயிற்றைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்துவிட்டு மறுபடி பிரித்தான்.

சமையலறையில் கேக் சரிந்திருந்தது. குழிந்த பக்கமாகப் பொம்மை இடுப்போடு சாய்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிரீமை வழித்துக் குழியை நிரப்பிப் பொம்மையை நேராக்கினாள். விட்டதும் மறுபடி சாய்ந்தது. உள்ளே ஒரு குச்சியைச் செருகினாள். காது முன்னறையில் இருந்தது.

“இங்க பாரு பாப்பா, அத்த என்ன கொண்டாந்திருக்கறேன்னு. ரோஸ் சக்கர! உன்ற கவுனு கலரு.” ரஞ்சனியின் குரல். “பொறந்த நாள் புள்ளையே அல்லாருக்கும் ஒரு சிட்டிக குடுக்கோணும். மொதல்ல அப்பாவுக்கு. அப்பறம் தாத்தாவுக்கு. வலது கைல வாங்குங்க. அக்கா, வலது கைல.”

தமிழினி ஓடுகிற கொலுசுச் சத்தம். சிரிப்பு. “ஐ, நாக்கு ரோசாயிருச்சு!” என்று ஒரு பிள்ளை கத்தியது. ரோஸ் நாக்கைக் காட்டச் சொல்லி மற்றதெல்லாம் கத்தின.

பிறகு அறிவுச்செல்வியின் குரல் கேட்டது.

“த்தூ! உப்பு! உப்புக் கரிக்குது!”

குழந்தைகள் சிரித்தன. பெரியவர்கள் சிரிப்பு மட்டும் சட்டென்று நின்றது. கண்ணுசாமி தொண்டையைச் செருமினார்.

பாவாயி சமையலறைக்குள் வந்து கதவைத் தன் முதுகால் சாத்தினாள். தறிக்கு மேலே கத்துகிறவள் இப்போது கிசுகிசுத்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ரோஸ் தூள்.

“வாயில வெச்சறாத பிரியா. நா வெச்சுட்டேன். பொறந்த நாளு இனிப்புன்னுதான் வெச்சேன். சக்கர மட்டும் இல்ல.”

சத்யபிரியா விரலால் கிளறினாள். சக்கரை நறநறவென்று சிறுசாக இருந்தது. நடுவே பெரிய பெரிய மணியாக, அதே நிறத்தில், இடித்த கல்லுப்பு.

உப்புச்சக்கரை. பெண் பேசி முடித்தால் மாப்பிள்ளை வீட்டார் உப்பும் சக்கரையும் கொண்டு வந்து, நாலு பேர் முன்னால் பெண்ணைப் பெற்றவர்கள் வாயில் போட வைப்பார்கள். தாலி கட்டுவது பிறகு, எத்தனை வருசம் கழித்தும் இருக்கலாம். உப்புச்சக்கரை தின்ற வீட்டுக்கு வேறு யாரும் பெண் கேட்டு வர மாட்டார்கள். பெண் வேண்டாம் என்று அழுதாலும், ‘தின்ன வாய் இதுதானே’ என்று அதே நாலு பேர் வந்து நிற்பார்கள்.

கேக்கை அப்படியே விட்டுவிட்டு அவள் முன்னறைக்கு வந்தாள்.

தமிழினி, ரஞ்சனியின் தட்டில் வந்த கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றிருந்தாள். லைன் வீட்டுப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. ஒருத்தியும் கண்ணைத் தூக்கவில்லை.

சத்யபிரியா புருசன் முன்னால் போய் நின்றாள்.

“வாயத் தொறங்க.”

“பிரியா...”

“தொறங்க.”

அவன் பேசத் திறந்த வாயிலேயே தெரிந்தது. நாக்கு ரோஸ்.

“தெரிஞ்சு தின்னீங்களா, தெரியாமத் தின்னீங்களா?”

அவன் பெரியசாமியைப் பார்த்தான். பெரியசாமி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“மாப்ள கிட்டப் பேசியாச்சு பிரியா. ராய்ப்பூர்லயே பேசியாச்சு. ரெண்டாவது வண்டிக்கு அவியதான் இனி மேனேசர். போர் மேல நின்னு சேறு குடிச்சது போதும். ஒறமொறைக்குள்ள நடக்கறது தான?”

“அவளுக்குப் பத்து வயசுண்ணா.”

“இன்னைக்கேவா தாலி கட்டச் சொல்லறோம்? பெரிய மனுசியாகட்டும், படிக்கட்டும். பேச்சு மட்டும் இருக்கட்டும்.”

“பொறந்த நாளைக்கு வந்து களவாணித்தனம் பண்ணறீங்களே. கேட்டுட்டுச் செஞ்சா என்ன?”

“கேட்டா நீ குடுத்திருப்பயா?” என்றாள் ரஞ்சனி. அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற மாதிரி கேட்டாள். “என்ற பையனுக்கு வேற எங்க போய்ப் பொண்ணு தேட? நாலு வருசம் போனா எவனோ ஒருத்தன் கொத்திட்டுப் போயிருவான். அதுக்கு நாங்க உட்டுப்போட்டு நிக்கோணுமா?”

“ரிஞ்சுல ஆள அடிக்கற கைக்கா என்ற புள்ளயக் குடுக்கறது?” சத்யபிரியா கௌசிக்கைப் பார்த்தாள். “சொல்லுங்க, அந்த ஆளத் தூக்கிட்டு ஓடுனது யாரு? நீங்கதானுங்க? நீங்கதான என்ற கிட்ட வந்து சொன்னீங்க?”

குழந்தைவேல் சுவரைப் பார்த்தான். கௌசிக் செல்போனை எடுத்துத் தடவிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. யாரோ வேறொருத்தனைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது போல இருந்தான். அதுதான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது.

“தொழில்ல கை நீளத்தான் செய்யும்” என்றார் கண்ணுசாமி. “அப்பன் வாய்ல வெச்சாச்சு. பெத்தவளும் ஒரு சிட்டிக வெச்சுட்டா முடிஞ்சுது. ரஞ்சனி, குடு.”

ரஞ்சனி பிள்ளையின் கையிலிருந்த கிண்ணத்தில் விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்தாள். சத்யபிரியாவுக்கு நேராக வந்தாள்.

“பெரியப்பா, நான்...” என்று சத்யபிரியா ஆரம்பித்தாள். விரல் சட்டென்று உதட்டுக்கு வந்துவிட்டது. பின்னால் ஒதுங்கி வாயை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு நிலைமை விளங்கியது. பேச வாயைத் திறந்தால் உப்பு உள்ளே போய்விடும். மாட்டேன் என்று சொல்லவே வாயைத் திறக்க வேண்டும்.

திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ரஞ்சனியின் விரல் முகத்துக்கு முன்னால் அப்படியே நின்றது. யாரும் அவசரப்படவில்லை. பலூன்கள் ஃபேன் காற்றில் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன.

“உங்கம்மாளுக்கு நீயே ஊட்டு சாமி” என்றார் பெரியசாமி. “நீ குடுத்தா வாங்குவா.”

தமிழினிக்கு அம்மா ஏதோ கோபமாக இருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. கேக்கை ஊட்டுவது மாதிரி இதையும் ஊட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. கிண்ணத்தில் மூன்று விரலை விட்டு அள்ளி, குதிகாலை எக்கி, அம்மாவின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

“ஆ காட்டும்மா. நல்லாருக்கும். ஆ.”

ரோஸ் தூள் உதட்டில் ஒட்டியது. சத்யபிரியா மூக்கால் மூச்சு விட்டாள். பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தாள். மறு கையால் கிண்ணத்தை வாங்கினாள். வாங்கியதைப் பார்த்து ரஞ்சனியின் முகம் மலர்ந்தது. பிள்ளையையும் கிண்ணத்தையும் விடாமல் சத்யபிரியா சமையலறை வழியாகப் பின்பக்கம் போனாள். போகிற வழியில் கேக்கின் மேலிருந்த பொம்மை அவள் தோள் பட்டுக் கீழே விழுந்தது. அவள் திரும்பவில்லை.

குழாயைத் திறந்தாள். கிண்ணத்தைக் கவிழ்த்தாள். தன் உதட்டைப் புறங்கையால் தேய்த்துக் கழுவினாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“நீட்டு கைய.”

“அம்மா, கவுனு நனையுது.”

“நனையட்டும்.”

பாவாயி கதவுப் பக்கம் வந்து நின்று, வேறு யாரும் வராதபடி இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டாள். அவளைத் தாண்டி உள்ளே பேச்சு கேட்டது. யாரும் சத்தம் போடவில்லை. சண்டைக்குப் பிறகு வருகிற சத்தம் எதுவும் இல்லை. நாற்காலி நகர்கிற ஒலி மட்டும்.

“விடுங்க” என்று கண்ணுசாமி சொல்லிக்கொண்டிருந்தார். “அப்பன் வாங்கீட்டான். அல்லாரும் பாத்தாங்க. பாதி முடிஞ்சாப்பல. பொம்பளைக்குக் கொஞ்சம் நாள் ஆகும். அடுத்த பொறந்த நாளு வருமல்ல, அன்னைக்கு வெச்சுக்கலாம்.”

“அதுவுஞ் செரிதானுங்க” என்றார் பெரியசாமி. “மாப்ள, வண்டி பொரட்டாசில கெளம்புது. அதுக்குள்ள நீங்க பேசிச் சரி பண்ணுங்க.”

“சரிங்க மச்சான்” என்றான் குழந்தைவேல்.

சத்யபிரியா அதைக் கேட்டாள். குழாயை இன்னும் வேகமாகத் திறந்தாள். பிள்ளையின் தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். கன்னத்தில் வழிந்தது தண்ணீரா, பிள்ளை அழுகிறதா என்று தெரியவில்லை.

“தமிழு, நீயும் தின்னியா?”

“ம்.”

“வாயக் கொப்புளி. துப்பு.”

கொப்புளித்துத் துப்பினாள். ரோஸ் நிறத் தண்ணீர்.

“இன்னும்.”

துப்பினாள். கொஞ்சம் வெளுத்திருந்தது.

“இன்னும் துப்புடி. உள்ள இருந்து துப்பு.”

தமிழினி திணறித் திணறித் துப்பினாள். வெறும் தண்ணீர்தான் வந்தது.

“அது அப்பவே உள்ள போயிருச்சும்மா” என்றாள்.